நாற்பதாயிரம் ஆடுகளைக் கணினித் திரையேற்றிய புரூல்சா அக்காவுக்கு

முப்பத்து நான்கு ஆண்டுகள் நாரின் மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகத்தின் பதிவுப் பிரிவைத் தாங்கி நின்று, இன்று பணி நிறைவு காணும் எங்கள் புரூல்சா அக்கா அவர்களே! எண்களை ஏய்க்கத் தெரியாத எழிலரசியே! கணினிக்கும் கடுங்குளிருக்கும் கலங்காத கண்மணியே! நடந்ததைச் சொன்னாலே உங்களுக்குப் போதுமான புகழுரையாகும்.

சென்ற மே மாதம் மேய்ச்சல் மலைச் சாலையில் நாற்பதாயிரம் ஆடுகள் காத்து நின்றன. தலைநகர் தந்த புதிய அறிக்கை மென்பொருள் கோமாரித் தடுப்பூசி விவரத்தைக் காட்டினால்தான் சோதனைச் சாவடி திறக்கும். பதினோராண்டுப் பதிவுகள் உங்கள் மேசைக் கணினியின் தரவுத்தளத்தில் பத்திரமாக இருந்தன; மென்பொருளோ நம் மாவட்டத்துக்குப் பூச்சியம் காட்டியது.

"எல்லாத்தையும் புதுசா தட்டிடலாமா அக்கா?" என்றார் நம் அலுவலக இயக்குநர் குபாத்.

"தட்டலாம் தம்பி. முடிக்கிறதுக்குள்ள மலையில மறுபடி பனி விழுந்துரும்."

இரண்டு நாள் தேடிச் சிக்கலைக் கண்டுபிடித்தீர்கள். தரவுத்தளத்தையும் மென்பொருளையும் இணைக்கும் சிறு நிரல் முப்பத்திரண்டு பிட் வகை. அறிக்கை மென்பொருளோ அறுபத்து நான்கு பிட்; அதனால் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பொருந்தும் நிரலை நிறுவியதும் வரைபடத்தில் ஊர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கைதட்டினோம். ஒரு மந்தை மட்டும் சிவப்பில் நின்றது: ஊசி போடாத முந்நூற்றுப் பன்னிரண்டு ஆடுகள். உரிமையாளர் சதிபால்டி, உங்கள் உடன்பிறந்த தம்பி!

"அந்த ஒண்ணையும் பச்சைன்னு மாத்திட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் எங்களில் ஒருவர். (பெயர் வேண்டாம், இங்கேதான் அமர்ந்திருக்கிறார்.)

"ஊசி போட்டா தானா பச்சையாவும். ஜீப்பை எடுங்க" என்றீர்கள்.

தம்பி பட்டி வாசலை மறித்தார். "கூடப் பொறந்தவளே காட்டிக் குடுத்துட்டியே! எல்லாரும் மலைக்குப் போறாங்க, நான் மட்டும் இங்க வைக்கோல் பொறுக்கணுமா?"

"பொறுக்கு. மொதல்ல அந்தக் கெடாவைப் புடி."

போட்ட ஊசி பலன் தரும்வரை காத்திருந்து, மற்றவர்களுக்கு மூன்று வாரம் பிந்தி அவர் மலையேறினார். கோடை முழுதும் உங்களிடம் அவர் பேசவில்லை. அதை நீங்கள் எங்களிடம் சொல்லவுமில்லை. ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்தில் கோமாரி பரவியது. அவர் மந்தையை அது தொடவில்லை. செப்டம்பரில் தோற்பை நிறையக் குமிஸுடன், அதாவது புளித்த குதிரைப் பாலுடன், அலுவலகம் வந்தார். எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, கடைசியாக உங்கள் முன் நின்று, "குடி அக்கா" என்றார். அன்றுதான் உங்கள் கண் கலங்கப் பார்த்தோம்.

நேர்மையின் நிறைகுடமே! நலமும் நகையும் நாளும் பெருக, பேரன் பேத்தியர் சூழப் பல்லாண்டு வாழ்க! போவதற்கு முன் அந்தக் கணினியின் கடவுச்சொல்லை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள் அக்கா!

அன்பில் கட்டுண்ட,
அலுவலகப் பணியாளர்கள், நாரின்