பாலத்துக்கு அப்பால் வாசற்படியாகக் கிடக்கும் கல் பற்றி

கனம் நீதிமன்றத்துக்கு. இந்தப் படிவத்தில் கடனாளியின் பெயரும் கடைசியாகத் தெரிந்த முகவரியும் எழுத மட்டுமே இடம் இருக்கிறது. தனித்தாள் இணைப்பதற்கு மன்னிக்கவும்.

என் பெயர் டெலேனி புரூயிட். வயது 23. ஓஹையோ மாநிலம், ஹார்லன்ஸ் ஃபெர்ரி, மில் தெருவில் தாயார் வெர்னாவுடன் வசிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்தவள் நான் ஒருத்தி என்பதால் வழக்கு என் பெயரில் போடப்பட்டது.

என் தகப்பனார் ராய்ஸ் இறந்த பிறகு, கல்லறைக் கல் செய்து தருவதாக எங்கள் ஊரில் கடை வைத்திருந்த ஹாய்ட் மேபெரி என்னிடம் முழுப் பணமும் வாங்கினார். அதன் பிறகு பெயரைப் பொறித்து எங்களை அழைத்துக் காட்டினார். அதன் பிறகு குளிர் போகட்டும், மண் இளகட்டும் என்று சொல்லி வந்தவர், வசந்தத்தில் கடையைக் காலி செய்து, அந்தக் கல்லையும் ஏற்றிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி அடுத்த மாநிலமான கென்டக்கியில் குடியேறினார். அதன் பிறகு எங்கள் ஊர் சிறு வழக்கு நீதிமன்றம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. அவர் விசாரணைக்கும் வரவில்லை, பணமும் தரவில்லை.

அதன் பிறகு தீர்ப்பின் நகலோடு நானும் தாயாரும் அவர் வீட்டுக்குப் போனோம். வாசற்படியில் நின்றபடியே பேசினார். "ஓஹையோ பேப்பரா? ஆத்துக்கு இந்தப் பக்கம் அதுல மீனத்தான் பொட்டலம் கட்டலாம். காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா கண்ணு?" என்றார். நான் கீழே பார்த்தேன். அவர் நின்றிருந்த படி சாம்பல் நிறக் கல். விளிம்பில் கயிறு முறுக்கியது போன்ற வேலைப்பாடு. தகப்பனார் இழுவைப் படகில் கயிறு கட்டும் வேலை பார்த்ததால் தாயார் கேட்டுச் செய்யச் சொன்னது. பெயர் இருக்கும் பக்கம் மண்ணில் இருந்தது. தாயாரும் பார்த்தார்.

அதன் பிறகு கென்டக்கியில் உள்ள இந்த நீதிமன்ற அலுவலகத்துக்கு வந்தோம். எழுத்தர் அம்மா தீர்ப்பைப் புரட்டிவிட்டு, "இது வெளிநாட்டுத் தீர்ப்பு. முதல்ல இங்க பதியணும்" என்றார்.

"எது வெளிநாடு? எங்க சமையக்கட்டு ஜன்னல்லேர்ந்தே உங்க கோர்ட்டு கடியாரத்துல மணி பாக்கலாம்" என்றார் தாயார்.

"பக்கத்து மாநிலத்துலேர்ந்து வந்தாலும் சட்டத்துல அதுக்கு அந்தப் பேருதாம்மா. நானா வெச்சேன்?"

"அப்ப அந்தாளு பாலத்தத் தாண்டுறப்ப பாஸ்போர்ட் கேட்டீங்களா?" என்றார் தாயார்.

அதன் பிறகு, பதிந்ததும் மேபெரிக்குத் தபாலில் அறிவிப்பு போகும், கெடு முடிந்தால்தான் ஷெரீஃப் சொத்தைக் கைப்பற்றலாம் என்று எழுத்தர் விளக்கினார். ஓடிப் போனவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்வது முறை என்று தெரிந்துகொண்டேன். கைப்பற்றக்கூடிய சொத்தாக அவருடைய டிரக்கை எழுதியிருக்கிறேன்.

இதில் உள்ளவை நானே கண்டவை, கேட்டவை. பொய்யானால் தண்டனை உண்டென்று அறிந்தே ஒப்பமிடுகிறேன்.

டெலேனி புரூயிட்

ஒப்பத்துக்குக் கீழே எழுதுவதற்கும் மன்னிக்கவும். எங்கள் கைக்கு வந்து சேராததால் அந்தக் கல் இன்னும் அவர் சொத்துதான் என்று எழுத்தர் சொன்னார். அப்படியானால் டிரக் வேண்டாம், கல்லை எடுக்கச் சொல்லுங்கள். கெடு முடியும்வரை அதை உடைக்கவோ விற்கவோ கூடாது என்று உத்தரவிடுங்கள். அதுவரை அவர் வீட்டார் பின்வாசல் வழியாகப் போய்வரட்டும்.