கோளாறுக்கு ஒரு திருகு

— என்ன மாமா இது? காலைல ஆபீஸ் கெளம்புறப்ப ஹால்ல கீபோர்டு இருந்துச்சு. இப்ப வெறும் ஸ்டாண்டு மட்டும் நிக்குது?

— ஹவ் மாப்ளே, ஆமா. கூரியர்ல திருப்பி அனுப்பிட்டேன். ரிஜெக்ட்.

— ரிஜெக்டா? நீங்க ரிட்டயர் ஆகி எட்டு வருசம் ஆச்சே மாமா!

— பாலாநகர் பாக்டரில முப்பத்திநாலு வருஷம் ப்ளேன் ரேடியோவச் சோதிச்சு முத்திரை குத்துன கை மாப்ளே இது. வீட்டுக்குள்ள ஒரு மெஷின் வந்தா சும்மா இருக்குமா? மீட்டர் வெச்சுப் பார்த்தேன். ஆன் பண்ணப்போ சுருதி நானூத்தி நாப்பது காட்டுது. அரை மணி கழிச்சு நானூத்தி நாப்பத்திமூணு. இந்த லட்சணத்துல ரேடியோ இருந்தா பேகம்பேட்டைல எறங்க வேண்டிய ப்ளேன் பீதர்ல எறங்கும்.

— அடடா, நம்ம ஹால்ல ப்ளேன் எறங்குறது எனக்குத் தெரியாமப் போச்சே! மாமா, அது எழுபதுகள்ல வந்த பழைய கீபோர்டு. அதையே இப்பப் புதுசாப் பண்ணிருக்காய்ங்க. பழசுல சூடேற ஏற சுருதி நழுவும். அந்த நழுவல்தான் அழகாம். அதுக்குன்னே இதுல ஒரு திருகு வச்சிருக்காய்ங்க.

— கோளாறுக்குத் தனித் திருகா! எங்க பாக்டரில அது ஓசிலயே வரும் மாப்ளே.

— அதை இடப்பக்கம் திருப்பிருந்தா நழுவாம நின்னுருக்கும். சனிக்கிழமை பஞ்சாரா ஹில்ஸ்ல ரெக்கார்டிங் மாமா. அந்தச் சத்தத்துக்காகத்தான் கூப்பிட்டாங்க. இன்னொண்ணு வர ரெண்டு மாசம் ஆகும்.

— ரெக்கார்டிங் கைக்கு மாப்ளே, எதுக்கு? மறைக்காதீங்க. டேபிள்ல உங்க கம்பெனி கவர் பார்த்தேன். ரிலீவிங் லெட்டர்னு மேலயே போட்டிருக்கு. என் பொண்ணும் கச்சிபௌலில அதே கம்பெனிக்குத்தான் கேப் புடிச்சு அலையறா. அவ சம்பாதிச்சுப் போடணும், நீங்க லுங்கியோட உக்காந்து குய்ங் குய்ங்னு வாசிக்கணுமா? நக்கோ மாப்ளே, வேணாம்.

— ஓ! அப்ப ரிஜெக்ட் ஆனது கீபோர்டு இல்ல. நான்.

— மூணு வருஷம் முன்னாடி உங்களுக்கு மாப்ளைன்னு முத்திரை குத்தினதும் நான்தானே. மீட்டர் வெச்சுப் பார்க்காம குத்திட்டேன்.

— ரொம்ப நல்லது மாமா. நான் இன்னும் அதே ஆபீஸ்லதான் பெஞ்சு தேய்க்கிறேன். வேலைய விட்டது உங்க பொண்ணு அஸ்வினி.

— என்னது?

— கீபோர்டும் அவளுதுதான். சனிக்கிழமை வாசிக்கப் போறதும் அவதான். அப்பாகிட்டச் சொல்லப் பயமா இருக்கு, இப்போதைக்கு உன்னோடதாவே இருக்கட்டும்னு சொன்னா.

— வண்டிய எடுங்க மாப்ளே. மூசாப்பேட்டைல கூரியர் ஆபீஸ் எட்டு மணி வரைக்கும் தொறந்திருக்கும். அதுக்குள்ள அஸ்வினி போன் பண்ணிக் கேட்டா, நீங்கதான் அனுப்பினதாச் சொல்லிடுங்க. எனக்கு அவகிட்டப் பயமா இருக்கு.