கந்தோர் நோனாவுக்கு ஓர் ஒத்திகை

புளத்கொகுபிட்டியவில் ஏறிய இரண்டு தோட்டத்துப் பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இறப்பர் மரங்களுக்கு நடுவே வெயிலும் தூறலும் மாறி மாறிப் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தன. இளையவளின் மடியில், பொலித்தீன் பைக்குள், வீடு கேட்டு அரசாங்கக் கந்தோர் அதிகாரியம்மாவுக்கு எழுதிய கடிதம்.

“ஞாயித்துக்கெழம டீவில பாத்த பழைய படத்துல வர்ற சேரியே நம்ம லயத்து வீட்ட விட மேலக்கா. அங்க செவுரு நேரா நிக்குது. நம்ம காம்பராவுல வெடிப்புக்குள்ள கை போகுது.”

“அப்புறம் ஏன்டி அதப் பாத்து அழுத?”

“அந்தச் சேரி ஆளுங்கள காலி பண்ணச் சொல்றாங்களே. படத்துல வர்ற பொண்ணு அதிகாரி முன்னுக்கு நின்னு என்னா பேச்சு பேசுது. நானும் இன்னைக்கு அப்பிடித்தான் பேசப்போறேன்.”

“கந்தோர் நோனாவுக்குத் தமிழ் தெரியாது. சிங்களத்துல அழப் பழகிக்க.”

“பழகிட்டேன். நேத்து தோட்டத்துல வேல வாங்குற பீல்ட் மாத்தயாகிட்ட அழுது பாத்தேன். லீவு குடுத்துட்டாரு.”

மூத்தவள் தோள் குலுங்கச் சிரித்தாள். “சரி, கடைசில அவங்களுக்கு வீடு கெடச்சிச்சா?”

இளையவள் கடிதத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“தெரியாதுக்கா. அந்தப் பொண்ணு பேசி முடிச்ச எடத்துல டீவிய நிப்பாட்டிட்டேன். நமக்குக் கெடச்சப்பறம் மிச்சத்தப் பாத்துக்கலாம்.”