பன்னிரண்டாவது ஆள்

— சுவத்தைப் புடிக்காம நில்லுங்க, பார்ப்போம்.

— புடிக்கலை காமு, சும்மா தொட்டுக்கிட்டு நிக்கிறேன். பதினாலு கிலோ முதுகுல இருக்கு, தெரியுமா? டூர் கம்பெனிக்காரன் பத்து கிலோதான் சொல்லியிருக்கான். மிச்சத்தை எல்லாம் கோவேறு கழுதை தூக்கிட்டு வந்துடும். நான்தான் நாலு கிலோ கூட வச்சிருக்கேன்.

— அது என்ன நாலு கிலோ?

— அனிருத்தோட ஜாக்கெட். அவன் ஷூ ஒரு ஜோடி. ரெண்டு ஜீன்ஸ். திரும்பி வர்றப்போ போட்டுக்கிட்டு வர அவனுக்குத் துணிமணி வேணாமா? சிம்பிள்.

— ம்ம்.

— என்ன ம்ம்?

— ஒண்ணுமில்லைங்க. மோர் கலக்கி வச்சிருக்கேன், குடிங்க. மணி பதினொண்ணு ஆகப் போகுது. பக்கத்து வீட்டு தீபக் மூணு மணிக்குக் காரை எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான்.

— ரெண்டரைக்கே வரச் சொல்லு. ஒன் ஓ ஒன் ஹைவேல டிராஃபிக் எந்த இடத்துல நிக்கும்னு சொல்ல முடியாது. ஃப்ளைட்டைக் கோட்டை விட்டா, பெரு நாட்டுல குஸ்கோல இருந்து குரூப் கிளம்பிடும்.

— போனா போகட்டுமே.

— என்ன பேச்சு பேசுற? இங்க பாரு, குரூப் வாட்ஸ்அப்பைப் பாரு. மாளவிகான்னு ஒரு பொண்ணு, இர்விங்ல இருந்து வருது. 'சேனாபதி அங்கிள், ரெடியா?'ன்னு கேட்டிருக்கு. பன்னெண்டு பேர்ல அறுபதைத் தாண்டினவன் நான் ஒருத்தன்தான். மத்ததெல்லாம் சின்னப் பசங்க. 'எதுக்கு அங்கிள் இவ்ளோ கஷ்டமான ட்ரெக்ல வர்றீங்க?'ன்னு அன்னைக்குக் கேட்டுச்சு.

— என்ன சொன்னீங்க?

— என் பையன் அங்க இருக்கான்னு சொன்னேன். உடனே நாலு ஹார்ட் போட்டுச்சு. பெருவுல வேலை பாக்குறான்னு நினைச்சுக்கிச்சு போல.

— அப்படி இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?

— சொல்றதுக்கு என்ன இருக்கு? அங்கதானே இருக்கான்.

— அவனும் பன்னெண்டு பேர்ல ஒருத்தனாத்தாங்க போனான். ஆறாம் நாள் சாயங்காலம் டென்ட்ல எண்ணிப் பார்த்தா பதினோரு பேர்.

— காமு, வேணாம்.

— 'தலை வலிக்குது, கணவாய்கிட்ட கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றேன், நீங்க போங்க'ன்னு சொன்னானாம். போங்கன்னு சொன்னா போயிடறதா? அத்தனை பேர்ல ஒருத்தருக்குக்கூட நின்னு பார்க்கணும்னு தோணலையே.

— கைடு திரும்பிப் போனானே.

— மூணு மணி நேரம் கழிச்சு. அதுக்குள்ள பனி கொட்ட ஆரம்பிச்சிடுச்சு.

— லிசன். ஒரு கணக்கு சொல்றேன் கேளு. பதினோரு நாள் தேடினாங்க இல்ல? எல்லாரும் கணவாய்க்கு மேற்குப் பக்கம்தான் தேடியிருக்காங்க. கிழக்குப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. நான் சேட்டிலைட் படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்துட்டேன். அல்பாக்கா மேய்க்கிறவங்க வீடு, சரியா ஒன்பது. கரண்ட் கிடையாது, போன் கிடையாது. அந்தப் பக்கம் எவன் போய் விசாரிச்சான்? ஒருத்தனும் போகலை.

— ரெண்டு வருஷமா அந்த ஒன்பது வீட்டுல ஒரு வீட்டுல இருக்கானா? நம்ம நம்பர் அவனுக்கு மறந்து போச்சா?

— ஆக்சிஜன் கம்மியானா மூளைல என்ன வேணா ஆகலாம். பேரே மறந்து போகும். நான் படிச்சிருக்கேன். கவர்ன்மென்ட் பேப்பர்ல என்ன எழுதியிருக்கான்? காணாமல் போனவர்னுதானே எழுதியிருக்கான். வேற எதுவும் எழுதலையே?

— எழுதலை.

— அப்புறம் என்ன?

— அப்புறம் ஒண்ணுமில்லை. மோரைக் குடிங்க.

— நீ ஏன் ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்க? நான் சோபாவுல கிடந்தப்போ, எந்திரிங்க எந்திரிங்கன்னு உயிரை எடுத்தது நீதானே?

— ஆமா, நான்தான். நான் டேகேர் வேலைக்குக் கிளம்புறப்போ அந்த மூலையில உக்காந்திருப்பீங்க. சாயங்காலம் வந்து பார்த்தா அதே மூலை, அதே லுங்கி. காலையில வச்ச இட்லி காய்ஞ்சு போய் தட்டுல கிடக்கும். குளிக்கிறதுக்குக்கூட நான் ரெண்டு தடவை சொல்லணும்.

— ஜனவரில எந்திரிச்சுட்டேன்ல? இந்த டூருக்குப் பேர் கொடுத்த அன்னைக்கு? இங்க இருக்கிற மிஷன் பீக் மலையை இதுவரைக்கும் முப்பத்தோரு தடவை ஏறி இறங்கியாச்சு. மூச்சு வாங்குறதுகூட இப்போ கம்மிதான்.

— கார்டியாலஜிஸ்ட் என்ன சொன்னார்?

— நடக்கச் சொன்னார்.

— பத்தாயிரம் அடிக்கு மேல கால் வைக்கக் கூடாதுன்னும் சொன்னார். பக்கத்து நாற்காலியில நானும்தானே உக்காந்திருந்தேன்? அந்தக் கணவாய் பதினாறாயிரம் அடி. டூர் கம்பெனி ஃபார்ம்ல ஸ்டென்ட் வச்சதை எழுதினீங்களா, இல்லையா?

— எழுதினேன்.

— என்னைப் பார்த்துச் சொல்லுங்க.

— 'நோ'ன்னு டிக் பண்ணேன். போதுமா? உண்மையைப் போட்டா சேர்ப்பானா அவன்?

— கடவுளே. போனைக் கொடுங்க. இப்பவே அவங்களைக் கூப்பிட்டுச் சொல்றேன்.

— சொல்லு. தாராளமா சொல்லு. அவன் என்னை வேணாம்பான். நான் குஸ்கோல இறங்கி பஸ் புடிச்சு, தன்னந்தனியா ஏறிப் போவேன். கைடோட போறது நல்லதா, ஆளில்லாம போறது நல்லதா? நீயே முடிவு பண்ணு.

— உங்களுக்கு அங்க ஏதாவது ஆயிடுச்சுன்னா?

— ஆகட்டும்.

— அப்போ நான்?

— என்ன நான்?

— நான்னு ஒருத்தி இந்த மில்பிடாஸ் வீட்டுல இன்னும் இருக்கேங்க. அவனைப் பெத்தது நீங்க மட்டும் இல்லை.

— நீ அழவே இல்லையே காமு! தேடறதை நிறுத்திட்டோம்னு அவங்க சொன்ன மறுநாள் நீ லஞ்ச் பாக்ஸைக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்ட. நான் கேட்டேனா? இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டேனா?

— இப்போ கேட்டுட்டீங்க.

— சரி, சாரி. வாய் தவறி வந்துடுச்சு.

— பரவாயில்லை. டேகேர்ல தூங்குற நேரத்துல குழந்தைங்களைத் தட்டிக் கொடுப்போம். ரூம் இருட்டா இருக்கும். அங்கதான் அழுவேன். ஒண்ணே கால் மணி நேரம் கிடைக்கும்.

— சொல்லவே இல்லையே நீ.

— சொன்னா நீங்க தாங்குவீங்களா? சரி, விடுங்க. ரிட்டர்ன் டிக்கெட் எந்தத் தேதி?

— அது, ஓப்பனா வச்சிருக்கேன்.

— டூர் பதினோரு நாள்தானே?

— அவங்களுக்குப் பதினோரு நாள். எனக்கு அவன் கிடைக்கிற வரைக்கும். தெளிவா சொல்லிடறேன் காமு, அவன் இல்லாம நான் இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன். நீ என்னை நிறுத்தாத.

— அவன் அங்க இல்லைங்க.

— எல்லாரும் அதையேதான் சொல்றாங்க.

— எல்லாரும் சொல்றது வேற. நான் தெரிஞ்சு சொல்றேன்.

— என்ன தெரியும் உனக்கு?

— மார்ச் மாசம் பெருவுல இருந்து ஒரு போன் வந்துச்சு. நீங்க மலையேறப் போயிருந்தீங்க. பனி உருகினதுல ஒரு ஆள் தெரியுதுன்னு மேய்க்கிறவர் ஒருத்தர் வந்து சொன்னாராம். கணவாயில இருந்து முந்நூறு அடிகூட இல்லை. உக்காந்த வாக்கிலேயே இருந்தாராம்.

— யாரோ ஒருத்தன். வருஷத்துக்கு எத்தனை பேர் அங்க தொலைஞ்சு போறாங்க.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். டி.என்.ஏ டெஸ்ட்டுக்கு என் வாயில பஞ்சு விட்டுத் துடைச்சு ஒரு கவர்ல போட்டு அனுப்பச் சொன்னாங்க. அவனா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே அனுப்பினேன்.

— எனக்கு ஏன் சொல்லலை?

— சொல்லத்தான் வாசல்ல நின்னேன். நீங்க வேர்த்து விறுவிறுத்து உள்ள வந்து, 'காமு, பசிக்குது, இன்னும் ரெண்டு தோசை போடேன்'னீங்க. ரெண்டு வருஷத்துல பசிக்குதுன்னு நீங்க சொன்னது அதுதான் முதல் தடவை. கல்லைக் காய வச்சுட்டேன். அப்புறம் தினம் தினம் அதே கதைதான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இன்னைக்கு வரைக்கும் வந்துட்டேன்.

— பதில் வந்துச்சா?

— வந்துச்சு. அதுக்கப்புறம் அவங்க அனுப்பின பேப்பர்ல எல்லாம் நான் ஒருத்தியே கையெழுத்துப் போட்டேன்.

— எதுக்குக் கையெழுத்து? காமு, அது யாருன்னு மட்டும் சொல்லு.

— செருப்பைப் போட்டுக்கிட்டு வெளிய வாங்க. அஸ்தியை வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதேன்னு என் கார் டிக்கியில வச்சிருக்கேன். அஞ்சு வாரமா தினம் என்கூட டேகேருக்கு வந்துட்டுப் போறான் அனிருத்.