இரண்டாவது ஆள்

இல்லக்கா, உள்ள வரல, இப்படி வாசல்லயே நிக்கிறேன். அந்த ஓட்டை போடுற மெஷின் மட்டும் குடுத்தீங்கன்னா போதும். போன வாரம் நீங்க படம் மாட்டினப்ப சத்தம் கேட்டுது, அதான் வந்தேன். பீரோவைச் சுவத்தோட சேர்த்து இறுக்கணுமாம். இல்லேன்னா நிலநடுக்கம் வந்தா முதல்ல அதுதான் நம்ம மேல விழுமாம். யார் சொன்னாங்களா? வேற யாரு, எங்க வீட்டு மேடம்தான். மூணாங் கிளாஸ். ஸ்கூல்ல ஒரு மாசமா இதே பாடம்.

நேத்து சாயங்காலம் விசில் ஊதினதும் அவதான், கோச்சுக்காதீங்க. நானும் திட்டினேன். அதுக்கு அவ, இடிபாட்டுக்குள்ள மாட்டிக்கிட்டா கத்தக் கூடாதும்மா, தொண்டையெல்லாம் தூசி போயிடும், விசில்தான் ஊதணும், இப்ப பழகலேன்னா அப்ப எப்படி வரும்ங்கிறா. சாப்பிட்டுட்டே இருப்போம், திடீர்னு நடுக்கம்னு ஒரு குரல் குடுப்பா. நான் கரண்டியும் கையுமா மேசைக்கு அடியில போகணும். தலையை மூடிக்கணும், மேசைக் காலைக் கெட்டியா பிடிச்சுக்கணும். அம்மா, நீ பாதிதான் தேறின, முதுகுக்குக் கீழ ஃபெயில்னு மார்க் வேற போடுவா.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சுட்டுத்தான் இருந்தேன். இப்ப என்னடான்னா தெருவுல ஒரு லாரி போனாலே எழுந்து உட்கார்ந்துடறேன். உங்க பக்கம் நாற்காலி நகர்ற சத்தம் கேட்டா, சரி, அக்கா இருக்காங்கன்னு மறுபடி படுத்துக்குவேன். நீங்க இருமினாக்கூட எனக்குக் கேக்கும். தப்பா எடுத்துக்காதீங்க, சுவர் அவ்ளோ மெலிசு. ரெண்டு வருஷம் அடுத்தடுத்த வீடு, லிஃப்ட்ல பார்த்தா சிரிச்சுக்குறதோட சரி. இன்னைக்குத்தான் இவ்ளோ பேசறோம், இல்ல?

மெஷின் இருக்கட்டும்க்கா, ஒரு நிமிஷம். ஸ்கூல்ல ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க. நடுக்கம் நின்னதும் பிள்ளைங்க எல்லாரும் மைதானத்துக்கு வந்து உட்காரணும். ஏற்கெனவே சொல்லி வச்ச ஆள் வந்தாத்தான் அனுப்புவாங்க, கண்டவங்க கையில குடுக்க மாட்டாங்க. நல்லதுதான். அம்மா ஒரு ஆள், அவங்களால வர முடியலேன்னா இரண்டாவதா ஒரு ஆள். போன மாசம் அதுக்கு ஒத்திகை. அன்னைக்கு அம்மாங்க யாரும் வரக் கூடாது, இரண்டாவது ஆள்தான் வரணும்னுட்டாங்க.

நான் போயிட்டேன். மனசு கேக்கல. கேட்டுல நின்ன மிஸ் என்னைப் பார்த்துட்டு, அம்மா, நீங்க இன்னைக்கு இடிபாட்டுக்குள்ள இருக்கீங்க, மறந்துட்டீங்களான்னாங்க. வேடிக்கையாத்தான் சொன்னாங்க. நான் அப்படியே ஓரமா நின்னேன்.

அத்தை வந்தாங்க, மாமா வந்தாங்க, தாத்தா ஒருத்தர் கம்பு ஊனிக்கிட்டு வந்தார். ஒவ்வொண்ணா எழுந்து போச்சுங்க. இவ மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கா. என்னைப் பார்த்தாக்கா. பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா. ரூல்ஸ்படி நான் அங்க இல்லையே, அதை அவ ஒழுங்கா செய்யறா. கடைசியில வாட்ச்மேனும் அவளும்தான் மைதானத்துல. அப்புறம் மிஸ்ஸே வந்து, சரி, ஒத்திகை முடிஞ்சுது, இனிமே நீங்க அம்மாதான், கூட்டிட்டுப் போங்கன்னாங்க.

வழியில அழுவாள்னு பார்த்தேன், அழல. ரோடு தாண்டும்போது, அம்மா, நிஜமா வந்தா மிஸ் என்னை எவ்வளவு நேரம் வச்சிருப்பாங்கன்னு கேட்டா. மிஸ்ஸுக்கும் வீடு இருக்குமில்லையான்னு சொன்னா.

நான் அழலக்கா. தூசி. பீரோவை நகர்த்தினேன்ல, அது.

வர்ற புதன்கிழமை மறுபடி ஒத்திகை. உங்க ஆபீஸ் ஸ்கூலுக்குப் பக்கத்துலதானே, யூனிஃபார்ம் பிள்ளைங்களைத் தாண்டித்தானே தினம் போறீங்க. அந்த இரண்டாவது ஆளா நீங்க இருப்பீங்களா? ஒரு நாள் வந்து, முகத்தைக் காட்டி, அவ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா போதும். உடனே சொல்ல வேண்டாம். யோசிச்சே சொல்லுங்க. அவகிட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லல.

சொந்தக்காரங்களா? எங்க அம்மா தவறிட்டாங்க. அண்ணன் இருக்கான், ரயில்ல ஒரு ராத்திரி பயணம். அப்படி இருந்தா சேர்த்துக்க மாட்டாங்களாம், தண்டவாளமே பிளந்து கிடந்தா அவன் எப்படி வருவான். நடந்து வர்ற தூரத்துல ஆள் இருக்கணும்ங்கிறாங்க.

அவரா? கப்பல்ல வேலைன்னு கீழ் வீட்டுல சொன்னாங்களாக்கும். நான்தான் அப்படிச் சொல்லி வச்சேன். கப்பலெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. இதே ஊர்தான், நாலு ஸ்டாப் தள்ளி வேற வீடு. போன் பண்ணினேனே. நல்லாத்தான் பேசினார், இவ எந்த கிளாஸ்னுகூடக் கேட்டார். ஆனா புதன்கிழமை தோதுப்படாதாம். ஊர்ல எல்லா ஸ்கூல்லயும் அன்னைக்கு ஒரே நேரத்துல மணி அடிக்கிறாங்களாம், அவர் அந்த வீட்டுப் பிள்ளையைக் கூட்டிட்டு வரப் போகணுமாம். சரின்னு வச்சுட்டேன். நிஜமா வந்தாலும் அப்படித்தானேக்கா, எல்லா இடத்துலயும் ஒரே நேரத்துலதானே ஆடும்.