பங்கு மக்களுக்கு ஓர் அறிவிப்பு

ஸ்டானிஸ்லாஸ்: இன்னா டெபோ, வந்துச்சா?

டெபோரா: எங்க நைனா... திரை கறுப்பாவே நின்னுகினு கீது. ஒரு வரி இங்கிலீஷ்ல போட்டுட்டு கம்னு கீது.

ஸ்டானிஸ்லாஸ்: இன்னான்னு?

டெபோரா: பென்டிரைவ் உள்ள இன்னா கீதுன்னு அதுக்குப் புரியலயாம்.

ஸ்டானிஸ்லாஸ்: சொருகுன எடம் சரியில்லியோ இன்னாவோ. அந்தாண்ட பக்கம் சொருகேன்.

டெபோரா: மூணு எடத்துலயும் சொருகியாச்சு. உனக்கு எல்லாமே ஹார்பர் கிரேன்தான். தூக்கு, எறக்கு, தூக்கு, எறக்கு...

ஐரீன்: அடியே! உள்ள ஒண்ணும் கேக்கலியே. ஜெரி பேசுறானா?

டெபோரா: இரும்மா! அண்ணன் லேப்டாப்புல ஹார்ட் டிஸ்க்கு போயி ஒரு வருசம் ஆச்சு. லேப்டாப்பு ஓடுற லினக்ஸ், அவன் பேசி வெச்சது, எல்லாமே இந்தப் பென்டிரைவ்லதான். இது எந்திரிச்சாதான் அது எந்திரிக்கும்.

ஐரீன்: பாத்துப் பண்ணுடி. இன்னிக்கு அவனுக்கு இருபத்தஞ்சு முடியுது. கேக்கு வேணாம், ஒண்ணும் வேணாம். அவன் கொரல ஒரு தபா கேட்டுட்டு கஞ்சி குடிக்கிறேன்.

ஸ்டானிஸ்லாஸ்: காலைலருந்து பச்சத் தண்ணி படல அவ வாயில...

டெபோரா: தெரியும் நைனா. லேப்டாப்பு எதுலருந்து எந்திரிக்கணும்னு இன்னொரு தபா மாத்தி வெக்கிறேன். இரு.

ஸ்டானிஸ்லாஸ்: இதுல இன்னாதான் பேசி வெச்சான்?

டெபோரா: பூசை முடிஞ்சதும் அறிவிப்பு படிக்க ஃபாதர் அவனைக் கூப்ட்டாரு இல்ல? 'பங்கு மக்களுக்கு ஓர் அறிவிப்பு'ன்னு தெனம் ரிக்கார்டு பண்ணுவான். திக்குச்சுன்னா மறுபடி மொதல்லருந்து. நூறு தபாவுக்கு மேல பேசி வெச்சிருந்தான்.

ஸ்டானிஸ்லாஸ்: என்கிட்ட சொல்லவேயில்லியே...

டெபோரா: எப்டி சொல்வான்? நாலு பேரு வந்தா போதும், அவனை மாதிரியே திக்கித் திக்கிப் பேசிக் காட்டுவ. அவனும் கூடச் சேந்து சிரிப்பான். அப்பால மொட்டமாடிக்குப் போய்டுவான்.

ஸ்டானிஸ்லாஸ்: சும்மா... வெளாட்டுக்குத்தாம்மா...

டெபோரா: தள்ளு, மறுபடி சொருகிப் பாக்கறேன்.

ஸ்டானிஸ்லாஸ்: டெபோ.

டெபோரா: இன்னா?

ஸ்டானிஸ்லாஸ்: மெதுவா பேசு. அவன் முப்பதாம் நாள் பூசைக்கு மைக்செட்டு லூயிசு பாட்டு கேட்டான்ல... பென்டிரைவ்ல போட்டுக் குடுங்கன்னு...

டெபோரா: ம்.

ஸ்டானிஸ்லாஸ்: ஜெரி சாவிக்கொத்துலருந்து இதைத்தான் கழட்டி எடுத்துகினு போனேன். ஜெராக்ஸ் கடைல சொருகுனதும் திரையில எதோ கேட்டுச்சு. கடைக்காரன் போன்ல கீறான். நான் ஓகே அமுக்கிட்டேன்.

டெபோரா: இன்னான்னு பாக்காமயா? உள்ள கீறதெல்லாம் அழிச்சிடவான்னு கேட்டிருக்கும் நைனா.

ஸ்டானிஸ்லாஸ்: முப்பத்திரெண்டு வருசம் ஹார்பர்ல கிரேன் ஓட்டுனவன்மா. திரையில எது கேட்டாலும் ஓகே அமுக்குனாதான் பெட்டி கீழ எறங்கும். கை தானா போச்சு... அப்பால இருபத்திரெண்டு மாதா பாட்டு ஏத்திக் குடுத்தான். எண்ணூர் ரோட்டுல லாரிக்காரன் ஒரு தபா கொன்னான். நான் ரெண்டாவது தபா...

டெபோரா: இருபத்திமூணு.

ஸ்டானிஸ்லாஸ்: இன்னா?

டெபோரா: பாட்டு. இருபத்திமூணு. போன வாரமே ஆபீஸ்ல சொருகிப் பாத்துட்டேன். ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைக்கும் எடுத்துகினு போனேன். அவன் பேசுனது மேலயே பாட்டு ஏறிடுச்சு, ஒண்ணும் தேறாதுன்ட்டாங்க.

ஸ்டானிஸ்லாஸ்: அப்ப இவ்ளோ நேரம்...?

டெபோரா: அம்மா காத்துகினு கீது. இல்லன்னு எந்த வாயால சொல்றது? அதான் சொருகுறதும் புடுங்குறதுமா நேரத்த ஓட்டுனேன். கடைக்காரன் பண்ண வேலைன்னு நெனச்சேன். நீன்னு நெனக்கல நைனா.

ஐரீன்: இன்னாடி குசுகுசுன்னு? வந்துட்டானா?

டெபோரா: அம்மா... அது வந்து...

ஸ்டானிஸ்லாஸ்: வந்துட்டான் ஐரீன்! இரு, போடறேன்!

டெபோரா: நைனா, இன்னா பண்ற நீ?

ஸ்டானிஸ்லாஸ்: கம்னு இரு... ப... ப... பங்கு மக்களுக்கு ஓர் அறிவிப்பு. ப... ப... பங்கு ம...

டெபோரா: வேணாம் நைனா... அழுவாத நைனா.

ஐரீன்: போதுங்க, நிறுத்துங்க. என் புள்ள 'ப'வுல திக்கவே மாட்டான். 'அ'வுலதான் நிப்பான்... அப்பான்னு வாயில வராமதான் உங்கள நைனான்னு கூப்ட்டான், அவனப் பாத்து இவளும். ப... ப...ன்னு திக்குனதெல்லாம் நீங்கதான், அவன நக்கல் பண்றப்ப.