மஞ்சள் வரி

நூர் நிஷா: ...அப்போ நிகில்தான் செஞ்சான்னு எழுதிருவமா?

ஆன்றோ: எழுதுங்கக்கா. யாரு என்ன மாத்துனான்னு பதியுற லாக்ல அவன் பேருதானே இருக்கு.

நூர் நிஷா: அவன் வேலைய விட்டுட்டு பெங்களூரு போயிட்டான். கேக்க ஆளில்ல. நல்ல வசதி.

ஆன்றோ: இதுல என்ன வசதி?

நூர் நிஷா: சும்மா சொன்னேன். வடாபாவ சாப்பிடு, ஆறுது.

ஆன்றோ: பசிக்கல.

நூர் நிஷா: விக்ரோலிக்கு நீ வேலைக்கு வந்து நாலு வருசம். இந்தக் கேன்டீன் வடாபாவ வேண்டாம்னு நீ சொல்லி இன்னைக்குத்தான் பாக்குதேன்.

ஆன்றோ: அக்கா, நீங்க குவாலிட்டி, நான் சாஃப்ட்வேர். விசாரணைன்னா மீட்டிங் போடுங்க. ஜெயராம் சாரையும் கூப்பிடுங்க.

நூர் நிஷா: சார் இருந்தா நீ இங்கிலீஷ்ல பேசுவ. இங்கிலீஷ்ல நீ பொய் சொன்னா எனக்குத் தெரியாது. தமிழ்லன்னா தெரிஞ்சிரும்.

ஆன்றோ: அரே... நான் எதுக்குப் பொய் சொல்லணும்?

நூர் நிஷா: அதத்தான் நானும் யோசிக்கேன். சரி, எனக்குக் கம்ப்யூட்டர் கோடு தெரியாது. புள்ளைக்குச் சூடு குடுக்குற மெஷின்ல அலாரம் அடிக்குதான்னு பாக்கத்தான் தெரியும். எனக்குப் புரியுத மாதிரி சொல்லு. எல்லாத்துக்கும் காரணம்னு சொல்லுதியே, இந்த ஹெடர் ஃபைலு என்னது?

ஆன்றோ: ஒரு பட்டியல்னு வெச்சுக்கங்க. சென்சர் கழண்டா ஒண்ணு. சூடு ஏறுனா ரெண்டு. கரண்ட் போனா மூணு. மெஷினோட ஆபரேட்டிங் சிஸ்டம் நம்பர மட்டும்தான் சொல்லும். நம்ம டெஸ்ட் டூல் அந்த நம்பர வாங்கி, பேரு போட்டு உங்களுக்குக் காட்டும்.

நூர் நிஷா: ரெண்டும் பாக்குறது ஒரே பட்டியல்தானே?

ஆன்றோ: ஒரே பட்டியல்தான், ஆனா ரெண்டு எடத்துல இருக்கு. ஒரிஜினல் சிஸ்டத்துக்குள்ள. காப்பி டூல் ஃபோல்டர்ல.

நூர் நிஷா: எதுக்குக் காப்பி? ஒண்ணையே ரெண்டும் பாத்தா...

ஆன்றோ: சிஸ்டம் டீம் எப்ப வேணா மாத்துவான். அவன் மாத்துன நிமிஷம் நம்ம டூல் உடைஞ்சிரக் கூடாதுல்ல. அதான் தனியா வெச்சிருக்கு. சாஃப்ட்வேர மொத்தமா சேத்துக் கட்டுறதத்தான் பில்ட்னு சொல்றோம், அது ஓடும்போது ஒரு ஸ்கிரிப்ட் ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கும். வித்தியாசம் இருந்தா 'இந்தக் காப்பி பழசு'ன்னு மஞ்சள்ல ஒரு வரி போடும். யாராவது உக்காந்து, என்ன மாறுச்சுன்னு புரிஞ்சு, காப்பிய மாத்தணும்.

நூர் நிஷா: தானா மாறாதா?

ஆன்றோ: மாறாது. ஒரு மனுஷன் பாக்கணும்னுதான் அப்படி வெச்சிருக்கு.

நூர் நிஷா: அந்த மனுஷன் பாக்கலன்னா?

ஆன்றோ: பில்ட் பாட்டுக்கு ஓடும். மஞ்சள்தானே, சிவப்பு இல்லியே.

நூர் நிஷா: மார்ச்சுல என்ன மாறுச்சு?

ஆன்றோ: நடுவுல பேட்டரி அலாரம்னு புதுசா ஒண்ணு சேத்தாங்க. அது ரெண்டாயிருச்சு. சூடு மூணுக்குப் போயிருச்சு. டூல்ல இருக்குற காப்பிக்கு அது தெரியாது. ரெண்டு வந்தா, 'சூடு அலாரம் ஓகே'ன்னு பச்சை காட்டிரும்.

நூர் நிஷா: நம்ம டெஸ்ட் பெஞ்சுல இருக்குற மெஷின்ல பேட்டரியே கிடையாதே.

ஆன்றோ: அதான். பேட்டரி இல்லன்னு ரெண்டு வந்துக்கிட்டே இருந்திருக்கு.

நூர் நிஷா: சூடு அலாரம் வேலையே செய்யல. நாம பச்சையப் பாத்து அனுப்பிட்டோம். பன்னெண்டு நாள் புள்ள, ஆன்றோ. மெஷின் கம்முனு இருந்திருக்கு. நர்ஸு சும்மா முதுகத் தொட்டுப் பாத்திருக்கா, கொதிச்சிருக்கு.

ஆன்றோ: புள்ள நல்லாருக்குல்ல?

நூர் நிஷா: நல்லாருக்கு. காலைலேர்ந்து நாலாவது தடவையா கேக்குத.

ஆன்றோ: கேக்கக் கூடாதா?

நூர் நிஷா: கேளு. அந்த மஞ்சள் வரி ரிலீஸ் பில்ட்ல ஏன் வரல?

ஆன்றோ: ஒப்பிடுற லிஸ்ட்லேர்ந்து அந்த ஃபைல் பேர எடுத்துட்டாங்க.

நூர் நிஷா: எடுத்துட்டாங்களா, எடுத்துட்டானா?

ஆன்றோ: நிகில்... எடுத்துட்டான்.

நூர் நிஷா: என்னைக்கு?

ஆன்றோ: பதினெட்டாந்தேதி. லாக்ல இருக்கே.

நூர் நிஷா: அது திங்கக்கெழம. நிகிலுக்கு வெள்ளிக்கெழமயே கேக்கு வெட்டி அனுப்பியாச்சு. அவன் மூஞ்சில கேக்கப் பூசுனது நீதான்.

ஆன்றோ: வீட்லேர்ந்து பண்ணிருப்பான்...

நூர் நிஷா: லேப்டாப்ப வெள்ளிக்கெழம சாயங்காலமே குடுத்துட்டான். ஐடி டிபார்ட்மென்ட்ல ராஹில்கிட்ட கேட்டேன். ஐடிக்கு அது புதன்கெழமதான் வந்துச்சாம். நடுவுல அஞ்சு நாள் யார்கிட்ட இருந்துச்சு?

ஆன்றோ: தெரிஞ்சிக்கிட்டேதான் கேக்குறீங்களா?

நூர் நிஷா: உன் வாயால வரணும்னு கேக்குதேன்.

ஆன்றோ: ...என்கிட்டதான் இருந்துச்சு.

நூர் நிஷா: ம்.

ஆன்றோ: ரிலீஸ்ல ஒரு மஞ்சள்கூட இருக்கக் கூடாதுன்னு ஜெயராம் சார் சொல்லிட்டாரு. காப்பிய மாத்துனா எல்லா டெஸ்டையும் மறுபடி ஓட்டணும், மூணு நாள் ஆகும். புதன்கெழம மெஷின் கிளம்பணும். பேர மட்டும் எடுத்துட்டு, அப்புறமா மாத்திக்கலாம்னு... அப்புறம் மறந்துட்டேன்.

நூர் நிஷா: மறந்தது சரி. அவன் பேருல செஞ்சது மறதி இல்லியே.

ஆன்றோ: இல்ல.

நூர் நிஷா: அவனும் ஒரு கம்பெனில உக்காந்துதான் இருக்கான். நாளைக்கு அவனுக்குப் போன் போகும்.

ஆன்றோ: போகாது. என் பேர எழுதுங்க. அவன்கிட்டயும் நானே சொல்லிடுறேன். ஆனா... நான் ஒண்ணு கேக்கலாமா?

நூர் நிஷா: கேளு.

ஆன்றோ: பதினாலாந்தேதி ட்ரையல் பில்ட் ஓடுச்சு. அப்ப மஞ்சள் வந்துச்சு. நான் இன்னும் எதையும் தொடல. அந்த லாக்க பிரின்ட் எடுத்து உங்க டிபார்ட்மென்ட்டுக்குக் கையெழுத்துக்கு அனுப்புனேன். அத யாரு படிச்சா?

நூர் நிஷா: அது... நெறய பேப்பர் வரும்.

ஆன்றோ: விசாரணைன்னு வந்தீங்க. கைல நோட்டு இல்ல, பேனா இல்ல. மீட்டிங் வேணாம், சார் வேணாம்னீங்க. அக்கா, அந்தப் பேப்பர் எங்க?

நூர் நிஷா: நான்தான் படிச்சேன். என்னமோ பழசுன்னு போட்டிருக்கேன்னு அடிக்கோடு கூட போட்டேன். உங்ககிட்ட வந்து கேட்டா, கம்ப்யூட்டர் கோடு தெரியாதவள்னு சிரிப்பீங்கன்னு கேக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னைக்குக் காலைல அதக் கிழிச்சுப் போட்டுட்டுத்தான், உனக்கு அது ஞாபகம் இருக்கான்னு பாக்க வந்தேன்.